அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கி கொண்டு போவது எப்படி?

வேட்டைக்கோ துப்பாக்கி சுடும் போட்டிக்கோ வேறு மாநிலம் போகிறவர்கள் துப்பாக்கியைச் செக்-இன் லக்கேஜில் தாராளமாகக் கொண்டு போகலாம். கேபின் பையில் மட்டும் கூடவே கூடாது. 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அதில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "பையில் இருந்ததே மறந்துபோச்சு". அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். அதனால் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, தூக்கிப் போகும் பையைக் கேபின் பையாக எடுக்காதீர்கள்.

நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசா. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. நண்பரிடம் இரவல் வாங்கியது என்றாலும் விடமாட்டார்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

சரி, முதல் படி பெட்டி. கெட்டியான, பூட்டுப் போடக்கூடிய பெட்டி வேண்டும். பூட்டிய பிறகு ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டால் அது தேறாது. துப்பாக்கி வாங்கும்போது கூடவே வரும் பிளாஸ்டிக் பெட்டி பல நேரம் இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடும். பூட்டு எந்த வகையாகவும் இருக்கலாம், ஆனால் சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் சின்னப் பெட்டியில் பூட்டி, அதைச் சாதாரண சூட்கேஸுக்குள் வைத்துவிடலாம்.

இரண்டாவது, தோட்டாவை நீக்குவது. இதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள், விமான நிலைய வாகன நிறுத்தத்தில் அல்ல. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, சேம்பரை (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். மேகசினைக் கழற்றியாச்சே என்று இருந்துவிட்டால் சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும்.

தோட்டாக்களை அதற்கென்றே உள்ள அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் அடுக்குங்கள். கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியே போதும். சும்மா பைக்குள் கொட்டி வைக்கக் கூடாது. துப்பாக்கி இருக்கும் அதே பூட்டிய பெட்டியிலும் வைக்கலாம். பல விமான நிறுவனங்கள் தோட்டாவை 5 கிலோவோடு நிறுத்திவிடும், சிலவற்றுக்குத் தனி விதிகளும் உண்டு, டிக்கெட் போடும் முன்பே அவர்கள் தளத்தில் படித்துவிடுங்கள். வெடிமருந்துத் தூள், பிரைமர் (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் சின்ன மூடி) இரண்டும் எந்தப் பையிலும் போகாது.

அப்புறம் கவுன்டர். வாசலில் லக்கேஜ் வாங்குபவரிடம் கொடுக்காமல் நேராக உள்ளே போய், "செக்-இன் பையில் துப்பாக்கி இருக்கிறது, தோட்டா நீக்கியது, அறிவிக்க வந்திருக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். "என்னிடம் துப்பாக்கி இருக்கு" என்று மொட்டையாக ஆரம்பிக்காதீர்கள், பின்னால் வரிசையில் நிற்பவர் பாவம். ஓர் அட்டையில் கையெழுத்து வாங்கி அதைப் பெட்டிக்குள் வைப்பார்கள். பைக்கு வெளியே துப்பாக்கி இருப்பதாக எந்த அடையாளமும் ஒட்டக் கூடாது என்பது சட்டம். திருடனுக்கு நாமே ஏன் வழி காட்ட வேண்டும்? பை சோதனையைத் தாண்டியதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு நகருங்கள், பெட்டியைத் திறக்கச் சொன்னால் சாவி உங்களிடம்தானே இருக்கிறது.

இதெல்லாம் உண்மையில் சுலபமான பகுதி. சிக்கல் மாநிலச் சட்டங்களில்தான். புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால் நடுவில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம் என்று 1986-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர், நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு, பையை வாங்கிக்கொண்டு ஓட்டலில் தங்கி, மறுநாள் காலை ஒழுங்காகக் கவுன்டரில் அறிவித்தபோது கைதானார். வழக்கு பின்னால் கைவிடப்பட்டது, ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, ஓட்டலில் பை அவர் கைக்கெட்டும்படி இருந்ததால் அந்தச் சட்டம் அவரைக் காக்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. ஆகவே நியூயார்க், நியூஜெர்சி வழியாக இணைப்பு விமானம் எடுக்காதீர்கள், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. அங்கே மாட்டிக்கொண்டால் பையைக் கையில் வாங்காமல், விமான நிறுவனமே வைத்திருந்து அடுத்த விமானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இறங்கியதும் சுழலும் பெல்ட்டுக்கு உடனே போய்விடுங்கள். சில நிறுவனங்கள் பெல்ட்டில் விடாமல் லக்கேஜ் அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துத் தருவார்கள். எப்படி வந்தாலும் விமான நிலையத்துக்குள் பெட்டியைத் திறக்காதீர்கள். திரும்பி வரும்போதும் கவுன்டரில் மறுபடி அறிவிக்க வேண்டும், போகும்போது சொன்னது அதற்குச் செல்லாது.