கம்பனியோடு மோதுமுன் கண்டுபிடிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சிப் பக்கத்துப் பட்டறைப் பெடியள் என்னிடம் கொண்டுவரும் கதை ஒன்றுதான். "அண்ணை, என்ரை மெசினைக் கம்பனிக்காரர் களவெடுத்துப் போட்டாங்கள். வழக்குப் போடலாமோ?" படிவம் நிரப்புவதில் வரும் சின்னப் பிழைகளை விடுகிறேன். அவற்றைத் திருத்தலாம்.

விண்ணப்பிக்குமுன் காட்டிவிடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. இரணைமடுப் பக்கம் வயல் செய்யும் ஒரு தம்பி, லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெசினுக்குப் பின்னால் பூட்டும் களையெடுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். பழைய சைக்கிள் செயின், வெட்டி வளைத்த தகடு, பற்கள் கட்டையில் சிக்கினால் பின்னுக்கு மடங்கவிடும் ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்தான் கண்டுபிடிப்பே. கம்பனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். தம்பி தேத்தண்ணி கொடுத்து, மெசினைக் கழற்றியும் காட்டினார். டேப் பிடித்து அளந்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். அடுத்த காலபோகத்துக்கு அதே கருவி கம்பனிப் பெயின்றோடு கடைக்கு வந்துவிட்டது.

வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி: "பேட்டன்ட் இலக்கம் என்ன?" பேட்டன்ட் என்பது, கண்டுபிடிப்பு உங்களுடையது என்று அரசு பதிந்து தரும் உரிமை. அது இல்லாமல் பேட்டன்ட் மீறல் வழக்கே இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கண்டுபிடித்தவர் தானே வெளிக்காட்டியிருந்தால் விண்ணப்பிக்க ஓராண்டு விடுகிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் அதை நம்பியே சும்மா இருந்துவிடுகிறார்கள். ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் கிடையாது. முதலில் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதன் பிறகு கம்பனிக்காரரைப் பட்டறைக்குள் விடுங்கள்.

பேட்டன்ட் இருந்தால் போதும் என்று நினைப்பது

தூறல் மழைக்கு விட்டுவிட்டுத் துடைக்கும் கார் வைப்பரைச் செய்த அமெரிக்கர் ராபர்ட் கேர்ன்ஸுக்கு 1967இல் பேட்டன்ட் கிடைத்தது. ஃபோர்ட் மீது 1978இல் வழக்குப் போட்டார். 10.2 மில்லியன் டொலர் கிடைக்க 1990 ஆயிற்று. கிறைஸ்லர் வழக்கு 1995 வரை இழுபட்டது. அதற்குள் குடும்பம் பிரிந்தது, பேட்டன்டின் காலமும் முடிந்தது. தானே வைப்பர் தயாரிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அது நடக்கவேயில்லை.

திகதி தவறுவது

நீதிமன்றத்துக்குப் பத்திரங்கள் கொடுக்க வேண்டிய திகதிகளைச் சொல்கிறேன். கேர்ன்ஸ் மற்றக் கார்க் கம்பனிகள் மீது போட்ட வழக்குகள் அவற்றைத் தவறவிட்டதால்தான் தள்ளுபடியாகின.

செலவைக் கணக்குப் பார்க்காதது

வழக்கு நடப்பது கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில். கிளிநொச்சியிலிருந்து தவணைக்குத் தவணை போய்வரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

இலங்கைப் பேட்டன்ட் வெளிநாட்டிலும் செல்லும் என்று நம்புவது

செல்லாது. பாதுகாப்பு வேண்டிய மற்ற நாடுகளுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

குறிப்புக் கொப்பி வைத்திராதது

தொலைக்காட்சிப் பேட்டன்டுக்காக ஆர்சிஏ என்ற பெரிய அமெரிக்க வானொலிக் கம்பனியோடு மோதிய கண்டுபிடிப்பாளர் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், 1922இல் பள்ளிக்கூடத்தில் தன் திட்டத்தை ஆசிரியருக்கு வரைந்து காட்டியிருந்தார். பின்னாளில் அந்த ஆசிரியரே அவருக்காகச் சாட்சி சொன்னார். நீங்களும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரைந்து திகதி போடுங்கள். ஊர்ச் சமாதான நீதவானிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். இங்கே முந்தி விண்ணப்பித்தவர் பக்கமே சட்டம் நிற்கும் என்பதால், கொப்பி விண்ணப்பத்துக்கு ஈடாகாது. ஆனால் "நீதான் எங்களைப் பார்த்துச் செய்தாய்" என்று கம்பனி திருப்பிச் சொல்லும்போது, காட்டுவதற்கு அது கையில் இருக்க வேண்டும்.