சொந்தத் தளத்தில் இதழ் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல தளங்களின் புதிய பதிவுகளை ஓரிடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போனது. 2023இல் ட்விட்டர் தன் பழைய இலவச ஏபிஐயை (வெளிக் கருவிகள் இணையும் வழியை) நிறுத்தியதும், கட்டுரை வெளியானால் தானாகவே ட்வீட் போட்டுக்கொண்டிருந்த கருவிகள் பல ஒரே மூச்சில் செத்தன. அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் இதுதான் கதி என்று புரிந்துகொண்ட சிற்றிதழ்கள் சொந்த டொமைன் (இணைய முகவரி) வாங்கி, வேர்ட்பிரஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் தளம் அமைக்கின்றன. நல்ல முடிவு. ஆனால் ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் வந்துவிடும் நிம்மதிதான் ஆபத்து. நிரலை எடுக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் அனுமதிக்கிறது, அவ்வளவே. உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் இணைப்பு முகவரிகளையும் காப்பது அதன் வேலை இல்லை.

அதிகம் பேர் செய்யும் தவறு முகவரியில் இருக்கிறது. தமிழில் தலைப்பு எழுதி ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினால், அந்தத் தலைப்பையே வேர்ட்பிரஸ் சிலக்காக, அதாவது கட்டுரை முகவரியின் கடைசிப் பகுதியாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். அதற்கு மட்டும் 45 இடம் போய்விடும். சிலக்குக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 இடம், அதாவது சுமார் 22 குறியீடுகள். ‘தமிழ்நாட்டு ஏரிகளின் வரலாறு’ என்று தலைப்பு வைத்தால் சிலக் ‘வரல’ என்பதோடு நின்றுவிடும். அதே தலைப்பின் கீழ் பகுதி 1, பகுதி 2 என்று தொடர் எழுதினால், வேறுபடுத்திக் காட்டும் பகுதி முழுவதும் வெட்டுப்பட்டு எல்லாம் ஒரே சிலக்காகும். அப்போது வேர்ட்பிரஸ் கடைசியில் தானே ஓர் எண்ணை ஒட்டிவைக்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகளாக நீளும் அந்த முகவரியைப் பார்த்து, ஏதோ மோசடி லிங்க் என்று தயங்குபவர்களும் உண்டு.

ஆகவே வெளியிடும் முன்பே சிலக் பெட்டியில் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொற்களைக் கையால் தட்டிவிடுங்கள். தேடலில் தமிழ்ச் சொல் கிடைக்காதே என்று கவலைப்பட வேண்டாம். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கின்றன. வெளியான கட்டுரையின் சிலக்கை மாற்றினால் பழையதிலிருந்து புதியதற்கு வேர்ட்பிரஸே திருப்பிவிடும். டொமைனையோ பெர்மாலிங்க் அமைப்பையோ (கட்டுரை முகவரிகள் உருவாகும் முறையையோ) மாற்றும்போது அதை நம்பக் கூடாது. சர்வரில் 301 என்ற நிரந்தரத் திருப்பம் எழுத வேண்டும். 302 தற்காலிகத் திருப்பம் என்பதால் தேடுபொறி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து பேக்கப். கருவிகள் பட்டியலில் உள்ள ‘ஏற்றுமதி’யை அழுத்தி ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டு, பேக்கப் எடுத்தாயிற்று என்று இருப்பவர்கள் ஏராளம். அந்தக் கோப்பில் படங்கள் இல்லை, படங்களின் முகவரிகள்தான் உள்ளன. புதுத் தளத்தில் இறக்குமதி செய்யும்போது பழைய தளத்திலிருந்துதான் படங்கள் வர வேண்டும். பழைய சர்வர் அணைந்துபோயிருந்தால் எங்கிருந்து வரும்? டேட்டாபேஸ் (கட்டுரைகள் இருக்கும் இடம்), டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறை (படங்கள் முதலியவை), டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பு (தள அமைப்புகள்) ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் பேக்கப். அதையும் அதே ஹோஸ்டிங் கணக்கில் வைத்துப் பயனில்லை.

டேட்டாபேஸை இறக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ‘யூடிஎஃப்8’ என்று நெடுங்காலமாக இருந்தது எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் அதற்குள் அடங்கிவிடும், எமோஜிக்கு 4 பைட் வேண்டும். தமிழ் சரியாகத் தெரிகிறதே என்று நம்பி விட்டுவிடுவோம். எமோஜிகள் மட்டும் கேள்விக்குறியாக மாறியிருக்கும். ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு இறக்குவதே சரி. இறக்குமதிக்குப் பிறகு தமிழ் முழுவதும் மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பதறி ஒவ்வொரு கட்டுரையாகத் திருத்த உட்காராதீர்கள். பெரும்பாலும் மூலக் கோப்பில் பைட்டுகள் பத்திரமாகவே இருக்கும். குறியாக்கத்தைச் சரியாகக் கொடுத்து மறுபடி ஏற்றினால் போதும். குழம்பிய நிலையிலேயே திருத்திச் சேமித்தால்தான் மீட்பது கடினம்.

மூன்றாவது, பிறர் சர்வரிலிருந்து ஸ்கிரிப்ட் இழுப்பது. பாலிஃபில்.ஐஓ ஓர் ஓப்பன் சோர்ஸ் சேவையாக இருந்தது. பழைய பிரவுசர்களுக்கு விடுபட்ட வசதிகளைத் தந்தது. 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. திட்டத்தைத் தொடங்கியவரே, தளங்களிலிருந்து அதை உடனே நீக்குங்கள் என்று எச்சரித்தார். பலர் கேட்கவில்லை. ஜூனில் பார்த்தால், கைபேசியில் வந்த வாசகர்களை அந்த ஸ்கிரிப்ட் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. பாதிக்கப்பட்டவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள். நிரல் திறந்ததுதான், ஆனால் வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது டொமைனைக் கையில் வைத்திருந்தவர் அனுப்பியது. கோப்பு மாறியிருந்தால் பிரவுசரே தடுக்க உதவும் இன்டெக்ரிட்டி ஹாஷ் சேர்த்தால் தப்பலாம் என்பார்கள். பிரவுசருக்குப் பிரவுசர் வேறு கோப்பு தரும் இத்தகைய சேவைக்கு அதுவும் பொருந்தாது. வேண்டிய கோப்பை இறக்கி உங்கள் சர்வரிலேயே வையுங்கள்.

எழுத்துருவுக்கும் இதேதான். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் ஓப்பன் ஃபான்ட் உரிமத்தில் கிடைப்பவை. இறக்கிப் பயன்படுத்தத் தடையே இல்லை. கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை இழுத்ததால் வாசகரின் ஐபி முகவரி வெளியே போனது என்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்தாரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. ஜெர்மனியில் வாசகர் உள்ள தமிழ் இதழ்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எழுத்துருவை மாற்றியமைத்து வெளியிட நினைத்தால் முதலில் உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள். பெயர் ஒதுக்கப்பட்டதாக அதில் இருந்தால் மாற்றிய வடிவத்துக்கு வேறு பெயர் வைத்தாக வேண்டும்.

பணம் கொடுத்து வாங்க வேண்டிய தீம்களின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளின்) பூட்டை உடைத்து இலவசமாகப் பரப்பப்படும் ‘நல்டு’ தீம்கள் வேண்டவே வேண்டாம். பகிர்வதை அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமம்தானே, யார் பகிர்ந்தால் என்ன என்ற வாதம் சட்டப்படி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஜிப் கோப்புக்குள் யார் என்ன புகுத்தினார்கள் என்பதை எந்த உரிமமும் சொல்லாது.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் கண்ணில் பட்டதையெல்லாம் ஓப்பன் சோர்ஸ் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. உரிமக் கோப்பு இல்லாத நிரலுக்கு முழுக் காப்புரிமை (காப்பிரைட்) உண்டு, எழுதியவரின் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. எம்ஐடி உரிமம் என்றால் காப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றி உங்கள் சர்வரில் ஓட்டினால், அதைப் பயன்படுத்துவோருக்கு மாற்றிய நிரலைத் தர வேண்டும். சர்வரில்தானே இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லையே என்ற ஜிபிஎல் சமாதானம் அங்கே எடுபடாது. உரிமம் மாறவும் செய்யும். தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் 2021இல், டேட்டாபேஸ் மென்பொருளான ரெடிஸின் உரிமம் 2024 மார்ச்சில் மாறின. அவற்றின் பழைய நிரலிலிருந்து பிரிந்த கிளைகளாக ஓப்பன்சர்ச், வால்கி பிறந்தன. பழைய பதிப்புக்குத் தந்த உரிமம் ரத்தாகாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கும்போது அந்தப் பழைய பதிப்பை எத்தனை நாள் ஓட்ட முடியும்? ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே, காப்புரிமை முழுவதும் ஒரே நிறுவனத்திடம் இருக்கிறதா, பலரிடம் பரவிக் கிடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

செய்தியோடையை, அதாவது புதிய கட்டுரைகளை வாசகரின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் கோப்பை அணைக்காதீர்கள். யாரும் ஆர்எஸ்எஸ் படிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பாட்காஸ்ட் கேட்கிறோம், அது அந்த ஓடையில்தான் வருகிறது. அமைப்புகள் பக்கத்தில் ‘முழு உரை’யைத் தேர்வு செய்யுங்கள். இயல்பாக 10 பதிவுகள்தான் ஓடையில் இருக்கும். ஒரே நாளில் முழு இதழையும் ஏற்றுபவர்கள் அந்த எண்ணைக் கூட்டாவிட்டால் முதலில் ஏற்றிய கட்டுரைகள் சந்தாதாரரை எட்டாமலே போகலாம்.

டொமைனைத் தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் பதியவிடாதீர்கள். பதிவுக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்கவும் கூடாது. கெடு முடிந்து டொமைன் நின்றுபோனால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். அதன் பிறகு பதிவாளர் அனுப்பும் நினைவூட்டலும் கடவுச்சொல் மீட்பு இணைப்பும் உங்களுக்கு வந்து சேராது.