நெல் இலையின் வெள்ளி நகலும் துளிக்குள் சுற்றும் ஒளியும்

பனி படிந்த நெல் இலையை லேசாகச் சாய்த்தால், துளிகள் இலையின் நீளவாக்கில் எளிதாக உருளும். குறுக்கே உருளத் தயங்கும். நீளவாக்கில் 3 முதல் 5 பாகைச் சாய்வே போதும், குறுக்கே 9 முதல் 15 பாகை வேண்டும். மெழுகு பூசிய 5 முதல் 8 மைக்ரோமீட்டர் அளவுள்ள நுண்முகடுகள் நீளவாக்கில் வரிசை கட்டி நிற்பதே இதற்குக் காரணம். அந்த முகடுகளை வெள்ளியில் நகலெடுத்து, அதன்மேல் ஒரு துளியை ஒளி ஒத்ததிர்வியாக (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே சுற்றவிட்டு வலுப்படுத்தும் அமைப்பாக) நிறுத்தும் முறையை, டெல்டாக் கல்லூரிகளில் இயற்பியல் முதுகலை ஆய்வு செய்யும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

வேலையின் பாதி வெற்றி இலையிலேயே இருக்கிறது. பூச்சிமருந்துடன் கலக்கப்படும் ஒட்டுபசை மெழுகின் நீர்விலக்குத் தன்மையைக் கெடுத்துவிடுவதால், மருந்து அடிக்காத வயலில், பனி உலர்ந்த பிறகு, ஆடுதுறை 43 போன்ற ஏதேனும் ஒரு ரகத்தின் இளம் இலையை அடிப்பகுதியில் பிடித்து அறுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பில் விரல் படக்கூடாது. நடுநரம்பை ஒதுக்கி இரண்டு சென்டிமீட்டர் துண்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் இருபக்க ஒட்டுநாடாவால் தட்டையாக ஒட்டி, ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். துளி பரவினால் அந்த இலையைத் தூக்கி எறியுங்கள்.

சிலிக்கோன் ரப்பரையும் கெட்டியாக்கியையும் 10:1 என்ற எடை விகிதத்தில் கலந்து, வெற்றிடத்தில் குமிழ்களை நீக்கி, இலையின்மேல் மெதுவாக ஊற்றுங்கள். அவசரத்தில் நான் முதல்முறை அடுப்பில் 60 பாகை செல்சியசில் வைத்தேன். இலை வாடிச் சுருங்கி, அச்சு அலையலையாக வந்தது. அறை வெப்பநிலையில் இரண்டு நாள் விட்டுவிடுவதே நல்லது. பிறகு இலையை உரித்துவிட்டு, கிடைத்த எதிரச்சில் எபாக்சியை வார்த்தால், இலையின் முகடுகள் மீண்டும் நேராகக் கிடைக்கும். முகடுகள் நன்றாகப் பதியும். மெழுகின் நானோ நுணுக்கம் ஓரளவே பதியும்.

வெள்ளியை வெற்றிட ஆவிப்பூச்சில் 50 நானோமீட்டர் தடிப்பில் பூசுவதே என் பரிந்துரை. ஆவி நேர்கோட்டில் வருவதால் மாதிரியைச் சாய்த்துச் சுழற்றாவிட்டால் முகடுகளின் ஒரு பக்கம் வெறுமையாக நிற்கும். வெள்ளிநைட்ரேட், அம்மோனியா, குளுக்கோஸ் கொண்ட வேதிமுறையும் உண்டு. ஆனால் மீந்த கரைசல் நாளடைவில் வெடிக்கும் பொருளாக மாறக்கூடும் என்பதால், அன்றே அமிலமிட்டு அழிக்க வேண்டும். வெறும் வெள்ளியில் நீர் ஒட்டும். எனவே தகட்டை, வெள்ளியில் நீர்விலக்கும் படலமாகப் படியும் டோடெக்கேன்தயாலை எத்தனாலில் கரைத்த கரைசலில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள். நாற்றத்துக்குப் புகைக்கூண்டு அவசியம்.

இனி பச்சை ஒளி பட்டால் ஒளிரும் ரோடமின் 6ஜி சாயம் கலந்த கிளிசரால்-நீர்க் கரைசலை, வாசனைத் திரவியக் குப்பியால் தகட்டின்மேல் தெளித்து, நுண்ணோக்கியில் 40 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துளி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 532 நானோமீட்டர் பச்சை லேசரைச் செலுத்துங்கள். துளியின் நடுவட்ட விளிம்பை ஒட்டி ஒளி முழு எதிரொளிப்பால் சுற்றும். துளி அடியில் மட்டுமே தகட்டைத் தொடுவதால் வெள்ளி அந்த ஒளியை விழுங்குவதில்லை. 580 நானோமீட்டர் அருகே நிறமாலையில் சுமார் 2 நானோமீட்டர் இடைவெளியில் கூரிய ஒளி உச்சங்கள் தெரியும், ஆகவே அதைவிடக் கூர்மையாகப் பிரித்தறியும் நிறமாலைமானி தேவை. இந்த உச்சங்கள் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்ந்தால் துளி உலர்கிறது என்று பொருள். கிளிசரால் விகிதத்தைக் கூட்டுங்கள்.