பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் பிள்ளையின் பெயரைப் பிழையின்றி ஏற்றுவது எப்படி?

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும் பிற்காலத்தில் கல்லூரி, வேலை, கடவுச்சீட்டு என எல்லாவற்றுக்கும் ஆதாரமாகிவிடுகின்றன. அச்சான பிறகு திருத்த வேண்டுமென்றால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே, ஆசிரியர்கள் நாமினல் ரோல் என்று சொல்லும், பொதுத்தேர்வு எழுதுவோரின் பெயர்ப்பட்டியல் முடிவாவதற்குள் வேலையை முடிப்பதே நல்லது. அம்பாசமுத்திரம் பக்கம் படிக்கும் என் அக்காள் மகளுக்காக நான் அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதற்படி: காலாண்டு விடுமுறையிலேயே பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துவிடுங்கள். பலரும் ஆதார் அட்டையை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருத்தப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பிறப்புச் சான்றிதழை மூலமாக வைத்து ஆதாரைத் திருத்துவதே முறை. சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் பெற்றோர் பெயர் மட்டும் இருந்தால் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். பிறப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் பெயரைச் சேர்க்கலாம் என்பது விதி. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கெடு முடியும் தறுவாயில் இருக்கும்.

இரண்டாம் படி: பள்ளிக்கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் பிள்ளையின் விவரம் எப்படி இருக்கிறது என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல், தலைமையாசிரியருக்கு ஒரு பக்க மனுவும் பிறப்புச் சான்றிதழின் நகலும் கொடுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை விட ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் தாள் கோப்பில் இருக்கும், படம் அடுத்த வாரமே காணாமல் போய்விடும்.

மூன்றாம் படியில்தான் நான் சறுக்கினேன். பள்ளியில் பெற்றோர் கையொப்பத்துக்காக ஓர் உறுதிமொழிப் படிவம் தருவார்கள். அதில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே இருக்கும். என் மருமகளின் பெயர் இசக்கி என்று தொடங்கி அம்மாள் என்று முடியும், எங்கள் பக்கம் குலதெய்வத்தை நினைத்து வைக்கும் பெயர். அதை ஆங்கிலத்தில் ஈ எழுத்தில் தொடங்குவதா ஐ எழுத்தில் தொடங்குவதா, எஸ் ஒன்றா இரண்டா என்று நானும் அத்தானும் அரைமணி நேரம் அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். மடியில் பீடித் தட்டுடன் உட்கார்ந்திருந்த அக்காள், "எங்கே, இங்கே காட்டு" என்று தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். தமிழ்க் கட்டத்தில் "அம்மால்" என்று இருந்தது. கணினியில் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும்போது ளகரம் லகரமாகிவிட்டிருக்கிறது. தமிழ்தானே, சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பில் நாங்கள் இருவருமே அந்தக் கட்டத்தைப் பார்க்கவேயில்லை.

ஆகையால் தமிழ்க் கட்டத்தைத் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முன்னெழுத்தையும் அங்கேயே கவனியுங்கள். தந்தை பெயர் சுடலை என்று தொடங்கினால் தமிழில் "சு" என்றுதான் வர வேண்டும். பழக்கத்தில் "எஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். முன்னெழுத்தும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணையே வந்திருக்கிறது. பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, சரியான வடிவத்தைப் பக்கத்தில் எழுதி, கையொப்பமிடுவதற்கு முன்பே திருப்பிக் கொடுங்கள்.

புகைப்படம், பயிற்றுமொழி, பிறந்த தேதி ஆகியவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். கையொப்பமிட்ட படிவத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பிற்சேர்க்கை: ஆலங்குளத்திலிருந்து எழுதிய ஒரு வாசகர், பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருப்பதைத் தென்காசி என்று மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்; அதற்கு முன் பிறந்த பிள்ளையின் சான்றிதழில் பழைய மாவட்டம் இருப்பது பிழையன்று. இப்போதைய முகவரி கேட்கும் இடத்தில் மட்டும் தென்காசி என்று எழுதுங்கள்.

இன்னொருவர் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகையைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு விண்ணப்பிக்கும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஆதாரிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பதினைந்து வயதில் ஆதாருக்குக் கைரேகையைப் புதுப்பிக்க எப்படியும் போகத்தான் வேண்டும் என்பதால், பெயர்த் திருத்தத்தையும் அன்றே சேர்த்து முடித்துவிடலாம். அங்கே போகும்போது நகலை நம்பாமல் பிறப்புச் சான்றிதழின் அசலை எடுத்துச் செல்லுங்கள்.