தேவதைக் கதைகளில் மதம் தேடுவோர் சறுக்கும் இடங்கள்

ஸ்னோ ஒயிட் கையில் ஆப்பிளைப் பார்த்ததுமே ‘இவள்தான் ஏவாள்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பைபிளின் ஆதியாகமத்தில் ஏவாள் தின்ற கனியின் பெயரே கிடையாது. அதை ஆப்பிளாக்கியது பிற்கால ஐரோப்பிய மரபு. ஏழு குள்ளர்களைக் கிறிஸ்தவ மரபு சொல்லும் ஏழு பெரும்பாவங்களோடு சேர்த்துக் கட்டுவதும் இந்த ரகம்தான். எண் பொருந்திவிட்டால் பொருளும் பொருந்திவிடுமா?

வேடிக்கை என்னவென்றால், இல்லாததைத் தோண்டுகிறவர்கள் வெளிப்படையாக இருப்பதைக் கவனிப்பதில்லை. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆன்டர்சன் 1837இல் வெளியிட்ட குட்டிக் கடற்கன்னி கதையை, 1989 டிஸ்னி படத்தை வைத்து வெறும் காதல் கதையாக நினைக்கிறோம். மூலத்தில் கடல்வாசிகளுக்கு 300 ஆண்டு ஆயுள். அது தீர்ந்தால் நுரையாகிவிடுவார்கள். சாகாத ஆன்மா அவர்களுக்கு இல்லை. மனிதன் ஒருவன் மனமார நேசித்து மணந்தால் அதில் பங்கு கிடைக்கும் என்று பாட்டி சொல்கிறாள். கடற்கன்னி குரலை இழந்து கரையேறுவது இளவரசனுக்காக மட்டுமல்ல, ஆன்மாவுக்காகவும்தான். கடைசியில் அவள் காற்றின் மகள்கள் எனும் காற்றுவாழ் ஆவிகளோடு சேர்வதை ‘ஒட்டவைத்த போதனை’ என்று ஒதுக்குகிறவர்கள் பாட்டியின் பேச்சை மறந்துவிடுகிறார்கள்.

சரி, கிறிஸ்தவக் கதை என்று ஒப்புக்கொண்டால், உடனே அதைத் திருச்சபைப் போதனையாகவே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. ஆன்டர்சன் வளர்ந்தது, மார்ட்டின் லூதர் வழிவந்த லூத்தரன் திருச்சபையைப் பின்பற்றிய டென்மார்க்கில். மீட்பு விசுவாசத்தால் வருவது, நற்செயலுக்குக் கூலியாக அல்ல என்பது லூத்தரன் போதனை. கடற்கன்னியோ இன்னொரு 300 ஆண்டு நற்செயல் செய்து ஆன்மாவைச் சம்பாதிக்க வேண்டும்! ஆன்டர்சனின் பக்தி அவருடைய சொந்தப் பக்தி. எந்தப் பாதிரியாரின் பிரசங்கமும் அல்ல. 1844இல் வந்த பனி ராணி கதையில் கெர்டா பரமண்டல ஜெபம் சொல்ல, அவள் மூச்சுக்காற்றே தேவதூதர்களாகிப் படைதிரள்கிறது. அவள் தேடிப்போகும் தோழன் கய்க்கோ ஜெபம் மறந்துபோய் வாய்ப்பாடு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த இடம் அதுதான்.

ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த யாக்கோப், வில்ஹெல்ம் என்ற கிரிம் சகோதரர்களிடம் வேறு எச்சரிக்கை வேண்டும். 1812 முதல் 1857 வரை பதிப்புக்குப் பதிப்பு வில்ஹெல்ம் கதைகளைத் திருத்திக்கொண்டே வந்தார். பக்திச் சாயலும் கூடியது. அதையெல்லாம் ‘ஜெர்மானியக் குடியானவரின் நம்பிக்கை’ என்று எழுதக்கூடாது. எதிர்த்திசையில், எல்லாக் கதையும் பழைய ஜெர்மானியத் தெய்வங்களின் மிச்சம் என்பாரும் உண்டு. யாக்கோப் கிரிம்மே அந்தத் தேடலில் மூழ்கியவர்.

‘சிண்டரெல்லாவின் மதம் என்ன?’ என்று பொதுவாகக் கேட்பதிலும் பயனில்லை. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதியதில் உதவுவது மந்திரக்கோல் பிடித்த தேவதை. கிரிம்மில் சிண்டரெல்லாவின் சாகும் தாய் ‘பக்தியோடு நல்லவளாக இரு’ என்கிறாள். அவள் கல்லறை மேல் வளர்ந்த மரம் ஆடை தருகிறது. 9ஆம் நூற்றாண்டுச் சீனக் கதையில் அதே வேலையை மீன் எலும்புகள் செய்கின்றன.