கொடைக்கானலில் வௌவாலின் வேட்டையைக் காதால் பின்தொடர்வது எப்படி?

பூச்சியுண்ணி வௌவால்களைக் கவனிக்க மார்ச் முதல் மே வரையிலான மாதங்களே ஏற்றவை. உறைபனி இறங்கும் இரவுகளில் பூச்சிகள் பறப்பது குறைவு என்பதால் வௌவால்களின் நடமாட்டமும் குறைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையிலோ சோலைக்காட்டு ஓரத்துத் தெருவிளக்கு அருகிலோ நின்றுகொள்ளுங்கள்.

மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இவ்வௌவால்களின் குரல் பெரும்பாலும் அதற்கும் மேலே இருப்பதால், மீயொலியை நமக்குக் கேட்கும் ஒலியாக இறக்கித் தரும் டிடெக்டர் தேவை. 1938இல் ஹார்வர்டு மாணவரான டொனால்ட் கிரிஃபின் வௌவால்களைக் கொண்டுபோய் நிறுத்தியதும் இயற்பியலாளர் ஜார்ஜ் பியர்ஸ் உருவாக்கியிருந்த இத்தகைய கருவியின் முன்புதான். குமிழைத் திருப்பி அலைவெண் மாற்றும் எளிய வகையே போதும். 45 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி, ஒன்றும் கேட்காவிட்டால் மெல்ல மேலும் கீழும் நகர்த்துங்கள். குதிரைலாட வௌவால்கள் பலவற்றுக்கு 80 கிலோஹெர்ட்ஸையும் தாண்ட வேண்டியிருக்கும்; அவ்வளவு உயர்ந்த ஒலியைக் காற்று விரைவில் விழுங்கிவிடுவதால், அவை மிக அருகில் வந்தாலொழிய கருவிக்கு எட்டா.

இனம் எதுவென்று தேடுவதைவிடத் தாளத்தைக் கவனிப்பதே பயனுள்ளது என்பேன். எதிரொலியைக் கேட்டே இரையைக் கண்டறிவதால், இரை தேடித் திரியும் வௌவால் நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை ஒலியெழுப்பும். அது கருவியில் தனித்தனித் தட்டல்களாகக் கேட்கும். 1.7 மீட்டர் தொலைவிலுள்ள பூச்சியில் பட்ட ஒலி திரும்பிவர நொடியில் நூறில் ஒரு பங்கே ஆகும். இரை நெருங்க நெருங்க இந்த இடைவெளி இன்னும் சுருங்குவதாலும், தப்பி நெளியும் பூச்சியின் இருப்பிடத்தை ஓயாமல் திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதாலும், வௌவால் தன் ஒலிகளை நெருக்கிக்கொண்டே போய், முடிவில் நொடிக்கு நூற்றைம்பதுக்கும் மேலாக எழுப்பும். தட்டல்கள் ஒன்றோடொன்று ஒட்டி 'ர்ர்ர்' என்று இழுபட்டால், அது பாய்ந்துவிட்டது என்று பொருள். இரை சிக்கியதா, தப்பியதா என்பதை அந்த ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவ்வேளையில் விளக்கடியை நிமிர்ந்து பாருங்கள்: மீயொலியைக் கேட்கும் செவியுள்ள அந்துப்பூச்சிகள் சில, சட்டென்று சுழன்று தரையை நோக்கி விழும்.

பெரிய பழந்தின்னி வௌவால்கள் தலைக்கு மேலே பறந்தும் கருவி மௌனமாக இருந்தால் பழுது என்று எண்ண வேண்டாம். அவை கண்ணையும் மூக்கையும் நம்பிச் செல்பவை.

வௌவால் தங்கும் குகைக்குள் நுழையாதீர்கள். விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கவனமெல்லாம் வானத்தில் இருக்கும்போது, கொடைக்கானல் சாலைகளில் அந்தி வேளையில் காட்டெருமைகள் உலவும் என்பதை மறந்துவிடாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.