மெகா டிரைவ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேகாவின் வீடியோ கேம் கன்சோலான மெகா டிரைவ் 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்தது. 1989-இல் வட அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரிலும், 1990-இல் ஐரோப்பாவிலும் விற்பனைக்கு வந்தது. அதன்பின் புதுப்புது மாடல்கள், அடியில் பொருத்தும் குறுந்தட்டுக் கருவியான மெகா சிடி, மேலே செருகும் துணைக்கருவியான 32எக்ஸ் என்று குடும்பம் பெருகிக்கொண்டே போனது. இன்று இந்தக் கன்சோலைத் தேடி வாங்குகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும், பெயர் ஒன்றாக இருப்பதால் கருவியும் ஒன்றுதான் என்று நம்பிவிடுவதால்தான்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மின் அடாப்டர். முதல் மாடலுக்கு 9 வோல்ட், 1.2 ஆம்பியர் தேவை. செருகியின் உட்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ். இரண்டாம் மாடலுக்கு 10 வோல்ட், 0.85 ஆம்பியர், செருகி சிறியது, முனைகளும் நேர் தலைகீழ். முனையை மாற்றி மாற்றிப் பொருத்தும் பொது அடாப்டரை வாங்கி, துளைக்குள் நுழைகிறதா என்பதை மட்டும் பார்த்துச் செருகினால் கன்சோலுக்குள் மின்சாரம் எதிர்த்திசையில் பாயும்.

மெகா சிடி இன்னும் குழப்பும். இரண்டாம் மெகா சிடிக்கு இரண்டாம் மாடலின் அடாப்டர்தான் பொருந்தும் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் இரண்டு மெகா சிடிகளும் முதல் மாடலின் அடாப்டரையே கேட்கின்றன. 32எக்ஸ்-க்கு வேண்டியதோ இரண்டாம் மாடலின் வகை. ஆகவே கன்சோல், மெகா சிடி, 32எக்ஸ் மூன்றையும் ஒன்றாகப் பொருத்துகிறவருக்கு மூன்று அடாப்டர்கள் வேண்டும், அதுவும் இரண்டு வகைகளில். ஒவ்வொன்றிலும் எதற்குரியது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். நின்டென்டோவின் என்.இ.எஸ் கன்சோலுக்கான அடாப்டரை முதல் மாடலின் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அதன் செருகி கச்சிதமாக நுழையும், ஆனால் அதிலிருந்து வருவது 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அதை நேர்த்திசையாக்கும் பாகம் என்.இ.எஸ்-க்குள் இருக்கிறது, மெகா டிரைவுக்குள் இல்லை. ஜப்பானிய அடாப்டரோ 100 வோல்ட் மின் இணைப்புக்காகச் செய்யப்பட்டது. 230 வோல்ட் சுவர் இணைப்பில் நேரடியாகச் செருகினால் பாழாகிவிடும்.

அடுத்தது ஒலி. முதல் மாடலின் பின்புற இணைப்பில் மோனோ ஒலி மட்டுமே வரும். ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்புறத்து ஹெட்போன் துளையிலிருந்துதான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் நல்ல கன்சோலைப் பழுது என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இரண்டாம் மாடலில் ஹெட்போன் துளை போய், ஸ்டீரியோ பின்புறத்துக்கு வந்தது. அந்த இணைப்பின் வடிவமும் மாறிவிட்டதால் ஒரு மாடலின் கேபிள் மற்றதில் நுழையாது. ஒலித் தரத்தில் முதல் மாடல்தான் எப்போதும் சிறந்தது என்று கூடுதல் விலை கேட்டால் அப்படியே நம்ப வேண்டாம். அதிலேயே விஏ7 என்ற கடைசிச் சர்க்யூட் போர்டின் ஒலி மங்கல்தான். எந்தப் போர்டு என்பது திறந்து பார்த்தால்தான் உறுதியாகும். மேல்மூடியில் வட்டத்தைச் சுற்றி அச்சிட்டிருக்கும் 'ஹை டெஃபனிஷன் கிராஃபிக்ஸ்' என்ற வாசகம் படத்துக்கு எந்தக் கூடுதல் தெளிவையும் தருவதில்லை.

32எக்ஸ் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது இணைப்புக் கேபிள் கூடவே வருகிறதா என்பது. கன்சோலின் படம் அந்தக் கேபிள் வழியாக 32எக்ஸ்-க்குள் போய், அங்கிருந்துதான் தொலைக்காட்சிக்கு வருகிறது. கேபிள் இல்லாத 32எக்ஸ்-ஐ மலிவு என்று வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் மாடலில் பொருத்த இன்னொரு மாற்று இணைப்பும் தேவை.

1998-இல் மஜெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட ஜெனிசிஸ் 3 கையடக்கமாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் மெகா சிடி பொருந்தாது, 32எக்ஸ் இயங்காது, சேகாவின் முந்தைய கன்சோலான மாஸ்டர் சிஸ்டத்தின் விளையாட்டுகளுக்கான மாற்றியும் வேலை செய்யாது; தனிச் சிப் கொண்ட 'விர்ச்சுவா ரேசிங்' விளையாட்டின் கார்ட்ரிட்ஜும் (கன்சோலில் செருகும் விளையாட்டுப் பெட்டி) ஓடாது. துணைக்கருவிகளைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். கையில் எடுத்துச் செல்லும் சேகாவின் நோமாட் கன்சோலிலும் மெகா சிடிக்கான இணைப்பு கிடையாது.

கன்ட்ரோலர்களில் பெரிய சிக்கல் இல்லை. ஆறு பொத்தான் கன்ட்ரோலரைச் சில பழைய விளையாட்டுகள் சரியாகப் புரிந்துகொள்ளாது. 'மோட்' பொத்தானை அழுத்திக்கொண்டே கன்சோலை இயக்கினால் அது மூன்று பொத்தான் கன்ட்ரோலராக நடந்துகொள்ளும். இதே ஒன்பது பின் இணைப்பு கமடோர் 64 கணினியிலும் இருக்கிறது. மெகா டிரைவ் கன்ட்ரோலரை அதில் செருகினால் கணினியின் சிப்பே சேதமடையலாம். மெனேசர் ஒளித்துப்பாக்கி பழைய குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே குறியை உணரும்.

கடைசியாகக் கார்ட்ரிட்ஜ். விளையாட்டைச் சேமிக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் உள்ளே பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றும்போது தேய்ந்த திருப்புளியால் நெம்பாதீர்கள். சேகா கார்ட்ரிட்ஜ்களின் திருகாணிக்கு 3.8 மில்லிமீட்டர் தனிமுனை இருக்கிறது. பேட்டரியின் தகடுகள் வெல்டிங் செய்யப்பட்டவை, இழுத்தால் போர்டின் செப்புத் தடங்களும் சேர்ந்து பெயர்ந்துவிடும். 'சோனிக் 3' போன்ற சிலவற்றில் பேட்டரியே இல்லை, சேமிப்பு வேறு வகை நினைவகத்தில் நடக்கிறது. அவற்றைத் திறப்பதற்கு முன், தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.